விசைக்கு எத்தனை வீசை?

எதையும் நிறுத்துப் பார்த்து வாங்குவதில் நம்மவர்களுக்கு நிகர் நம்மவர்களே. தங்கத்தைக் குன்றிமணி அளவுக்குக் கணக்குப் பார்ப்போம். புளி வாங்கும்போது தராசு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கடைக்காரரைச் சும்மா விட மாட்டோம். ஆனால், லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பம் ஒன்றில் போய், "இதன் விசை எவ்வளவு பாரத்துக்கு இறங்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது வீடுகளில், "லேசாகத்தான் இருக்கும்" என்று பதில் வரும். அந்த 'லேசு' எத்தனை கிராம் என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

துப்பாக்கி நம் நாட்டில் நெடுங்காலம் துரைமார்களின் சொத்தாக இருந்தது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து, இந்தியர் கையை மட்டும் கட்டிப் போட்டது. அந்த அவமானம் தேசத்தின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு, 1931-ம் வருஷத்துக் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தைப் பார்த்தால் போதும். ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையும் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாக அதில் இடம் பெற்றது. சுதந்திர இந்தியா 1959-ல் தன் சொந்தச் சட்டத்தை இயற்றிக் கொண்டது. 2023-ம் வருஷம் சீனாவில் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் 'டிராப்' பந்தயத்தில் இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றது. அந்த மூவரில் ஒருவர் புதுக்கோட்டைப் பிருதிவிராஜ் தொண்டைமான். துரைமார் காலம் போய்விட்டது. ஆயுதத்தை அறிந்து வைத்திருப்பது இப்போது நம் பொறுப்பு.

முதலில் உள்ளே நடப்பதைத் தெரிந்து கொள்வோம். துப்பாக்கியின் 'குதிரை' என்று நம் முன்னோர் சொன்னது, ஊசியை அடித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலை. பழைய துப்பாக்கிகளில் அது இரண்டு காதுகள் போல வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். 1875-ல் பர்மிங்ஹாம் நகரத்து ஆன்ஸன், டீலி என்ற இருவர் பதிவு செய்த அமைப்பில் குதிரை பெட்டிக்குள்ளே மறைந்து விட்டது. பின்னர் வந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் மிகப் பல இந்த அமைப்பைத் தழுவியவையே. வலுவான வில் ஒன்று குதிரையை முன்னே தள்ளிக் கொண்டே இருக்கிறது. குதிரையில் வெட்டிய சிறு பள்ளத்தில் ஓர் எஃகு நெம்புகோலின் மூக்கு நுழைந்து அதைத் தடுத்து நிற்கிறது. விரல் விசையை இழுக்கும்போது அந்த மூக்கு பள்ளத்தை விட்டு விலகுகிறது, அவ்வளவுதான். மூக்குக்கும் பள்ளத்துக்கும் உள்ள பிடிப்பு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. எமனுக்கும் நமக்கும் நடுவே நிற்பது அந்த இடுக்கு ஒன்றே.

சாதாரணமாகப் பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கியின் எடை ஏறக்குறைய 3 கிலோ. முன் விசை, துப்பாக்கியின் எடையில் பாதியளவு பாரத்துக்கு இறங்க வேண்டும் என்பது பழைய கைவினைஞர்களின் கணக்கு. ஆங்கிலக் கணக்கில் முன் விசைக்கு மூன்றரை முதல் நாலு பவுண்டும், பின் விசைக்கு அதைவிட அரை பவுண்டு கூடுதலாகவும் வைப்பார்கள். முதல் குழல் வெடித்த அதிர்ச்சியில் இரண்டாவதும் தானே வெடித்து விடலாகாது என்பதே அந்தக் கூடுதலுக்குக் காரணம். 1956-ம் வருஷத்து எடையளவுச் சட்டம் வருவதற்கு முன் பழகியவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். நாற்பது பலம் கொண்ட நம் வீசை இன்றைய கணக்கில் 1 கிலோ 400 கிராம். விசைக்கு ஒரு வீசைக்குக் குறையலாகாது. ஒன்றரை வீசைக்கு மிகலாகாது. மிகுந்தால் இழுக்கிற வேகத்தில் குழல் ஆடிக் குறி தவறும். குறைந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது. சரியான விசையிலேயே, வேலி தாண்டும்போது ஒரு முட்கிளை மாட்டிக் கொண்டால், துப்பாக்கியின் சொந்த எடையே அதை இழுத்து விடப் போதுமானது. தேய்ந்த விசைக்குக் கிளைகூட வேண்டாம். தரையில் ஓங்கி வைத்தாலே போதும்.

இனி நிறுக்கும் வழி. துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழல்களிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். பிறகு வீட்டில் இன்னொருவரும் பார்க்க வேண்டும். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டி விடுங்கள். வெறும் குழலில் குதிரையைத் தட்டினால் பழைய துப்பாக்கிகளில் ஊசி ஒடிவதுண்டு. ஆகையால் கடையில் கிடைக்கும் பொய்த் தோட்டாக்களை இட்டுக் கொள்வது நல்லது. மேஜை மேல் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, துப்பாக்கியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஆள் நடமாட்டமில்லாத திசையில் குழலைத் திருப்பி வைக்க வேண்டும். எல்லாம் காலி என்று தெரிந்த பின்னும் இதில் விட்டுக் கொடுக்கக் கூடாது.

கருவி, பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் தொங்கும் சுருள்வில் தராசுதான். பிரயாணப் பெட்டியை நிறுக்கும் மின்னணுத் தராசுகளில் பல, பாரம் அசையாமல் நின்ற பிறகே எண்ணைக் காட்டும். விசையோ ஒரு நொடியில் நழுவி விடும். எங்கள் ஓட்டு வில் தராசுக்கே. மளிகைக் கடை எடைக்கல் ஒன்றை மாட்டி அது உண்மை சொல்கிறதா என்று முதலில் பார்த்து விடுங்கள். ஆனால் செங்குத்தாகத் தொங்கும் தராசில் கொக்கியின் எடையும் சேர்ந்து வில்லை இழுக்கிறது. படுக்க வைத்தால் அது சேராது. ஆகவே, படுக்க வைத்த பிறகு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். மாணவர்கள் பரீட்சையில் மறக்கும் இடமும் இதுதான்.

துணி சுற்றிய கம்பிக் கொக்கியை, விரல் படும் விசையின் நடுவில் மாட்டுங்கள். நுனியில் மாட்டினால் நெம்புகோல் நீண்டு எடை குறைவாகத் தெரியும். ஒருவர் துப்பாக்கியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் குழலுக்கு இணையாகப் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். பத்துப் பாகை சாய்ந்தால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் பிசகும். முப்பது பாகை சாய்ந்தால் பதினைந்து பங்கு கூடி விடும். முள் எங்கே நின்றது என்பதை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விசையையும் ஐந்து முறை இழுத்து ஐந்து எண்களையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதி மற்றவற்றை அழித்து விடாதீர்கள்.

ஏனென்றால், சராசரி ஏமாற்றும். எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கியை இவ்விதம் நிறுத்தோம். முன் விசை 1,700 கிராமுக்கும் 1,800 கிராமுக்கும் இடையில் ஒழுங்காக இறங்கியது. பின் விசை 1,400; 900; 1,300; 800; 1,100. சராசரி 1,100. அது குறைவு என்பது ஒருபுறமிருக்க, ஒரு முறைக்கு மறுமுறை இத்தனை ஏற்றத் தாழ்வு ஏன்? உள்ளே மூக்கின் விளிம்பு மழுங்கி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆழத்தில் பள்ளத்தைப் பிடிக்கிறது என்பதே நாங்கள் ஊகித்த காரணம். நண்பர் கலங்கவில்லை. "சேப்டி போட்டுத்தானே வைத்திருக்கிறேன்?" என்றார். இந்த நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பலவற்றில் அந்தத் தாழ் விசையை மட்டுமே பூட்டுகிறது, குதிரையைப் பூட்டுவதில்லை. மழுங்கிய மூக்கு அதிர்ச்சியில் தானாக நழுவினால், விசை அசையாமலே துப்பாக்கி வெடிக்கும். இதைக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டியபோது, திண்ணையில் விளையாடிக் கொண்டிருந்த பேரக் குழந்தைகளை நண்பர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மறுநாளே துப்பாக்கி லைசென்ஸ் பெற்ற பழுது பார்ப்பவரிடம் போயிற்று. எங்கள் ஊகம் சரியாகவே இருந்தது. திரும்பி வந்தபின் பின் விசையை ஐந்து முறை நிறுத்தோம். ஐந்தும் 2 கிலோவை ஒட்டியே நின்றன.

இந்த வேலையை அரம் கொண்டு வீட்டிலேயே முடித்து விடலாம் என்று சிலர் எண்ணுவார்கள். கூடவே கூடாது. மூக்கின் மேல்தோல் கடினப்படுத்திய எஃகு. அதை அரத்தால் தேய்த்தால் உள்ளிருக்கும் மெல்லிய இரும்பு வெளிப்பட்டு, சில மாதங்களில் முன்னைவிட மோசமாக மழுங்கும். துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று 1959-ம் வருஷத்துச் சட்டமும் சொல்கிறது. நிறுப்பது நம் வேலை. திருத்துவது அவர் வேலை.

வருஷத்துக்கு ஒரு நாள் நிறுத்தால் போதும். ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை எப்படியும் வெளியே எடுக்கிறோம். அதற்கு முந்தைய நாளை வைத்துக் கொள்ளலாம். பத்து எண்களையும் தேதியுடன் ஒரு சீட்டில் எழுதி, உறையின் உட்புறத்தில் ஒட்டி விடுங்கள். பூஜையன்று சந்தனத்தை மரக்கட்டையின் மேல் மட்டும் இடுங்கள். குங்கும நீர் இரும்பில் இறங்கினால், அடுத்த வருஷச் சீட்டில் அதன் கணக்கும் சேர்ந்து வரும்.