தெறிக்கும் துளியைப் பிடித்தவர்கள்

தட்டில் ஊற்றிவைத்த பாலில் ஒரு சொட்டு விழுந்தால் அது தெறிப்பது தெரியும். எப்படித் தெறிக்கிறது என்பது தெரியாது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தச் சிறு பொழுதுக்குள் நடப்பது ஏராளம். துளி விழுந்த இடத்தைச் சுற்றிப் பால் மெல்லிய சுவராக எழும்புகிறது. சுவரின் விளிம்பு தடித்து, முத்துமுத்தாகத் திரண்டு, சில முத்துகள் கழன்று பறக்கின்றன. பால் ஆழமாக இருந்தால் கூத்து அதோடு முடிவதில்லை. சுவர் சரிந்ததும் நடுப்பள்ளம் மூடிக்கொள்கிறது. மூடிய வேகத்தில் அங்கிருந்து ஒரு தூண் எம்புகிறது. அதற்கு இயற்பியலில் ‘வொர்த்திங்டன் தாரை’ என்று பெயர்.

ஆர்தர் வொர்த்திங்டன் இங்கிலாந்துக்காரர். டெவன்போர்ட் கடற்படைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1870-களில் இந்த ஆராய்ச்சியில் அவர் இறங்கியபோது இவ்வளவு வேகத்தைப் பிடிக்கும் கேமரா கிடையாது. இருட்டறையில் பாதரசத் துளியையோ பால் துளியையோ கண்ணாடித் தட்டின்மேல் விழவிடுவார். சரியான நேரத்தில் ஒரு மின்பொறி பளிச்சிடும். அந்த வெளிச்சத்தில் கண்ணில் பதிந்த உருவம் மங்குவதற்குள் வரைந்துவிடுவார். அடுத்த துளிக்குப் பொறியைத் துளியூண்டு தாமதப்படுத்துவார். இப்படி ஒவ்வொரு துளியிலும் ஒரு கணத்தைப் பிடித்து வரிசையாக அடுக்கியதில் ஒரு தெறிப்பின் முழுக் கதையும் கிடைத்தது.

படங்கள் கொள்ளை அழகு. புள்ளி வைத்துப் போட்ட கோலம்போல எல்லாப் பக்கமும் ஒரே சீர்.

1894-இல் அதே காட்சியைப் புகைப்படமாக எடுக்க முடிந்தபோதுதான் குட்டு உடைந்தது. ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும், கோணல்மாணலாக இருந்தன நிஜத் தெறிப்புகள். சீரில்லாத வடிவங்கள் முன்பும் அவர் கண்ணில் பட்டிருந்தன. தற்செயல் கோளாறு என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, சீரானதையே உண்மை வடிவமாக எடுத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. இயற்கை ஒழுங்காகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை பென்சிலைப் பிடித்து இழுத்திருக்கிறது. நடந்ததை அவரே வெளிப்படையாக எழுதினார் என்பது பாராட்டத்தக்கது. தெறிப்புகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1908-இல் புகைப்படங்களோடு வெளிவந்தது.

வேடிக்கை என்னவென்றால், உலகம் இன்று தெறிப்பு என்றதும் நினைத்துக்கொள்வது மீண்டும் ஒரு சீரான மகுடத்தைத்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1957-இல் எடுத்த வண்ணப்படம் அது. மின்னல் வேகத்தில் ஒளிவிடும் விளக்கை வைத்துக்கொண்டு, 1930-களிலிருந்தே அவர் பால் துளிகளைப் படமெடுத்துவந்தார்.

இத்தனை படங்களுக்குப் பிறகும் ஒரு ஆசாமி யார் கண்ணிலும் படாமலே இருந்தார்: காற்று. 2005-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெய் சூ, வெண்டி ஜாங், சிட்னி நேகல் மூவரும் உலர்ந்த கண்ணாடியில் ஆல்கஹால் துளிகளை விழவிட்டுப் பார்த்தார்கள். வழக்கமான காற்றழுத்தத்தில் துளி சிதறித் தெறித்தது. அழுத்தத்தை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைத்ததும், அதே உயரத்திலிருந்து விழுந்த அதே துளி சத்தமில்லாமல் பரவிப் படுத்துக்கொண்டது. ஒரு திவலைகூடப் பறக்கவில்லை. தெறிப்பதற்குத் துளியின் வேகம் மட்டும் போதாது, சுற்றியிருக்கும் காற்றும் கைகொடுக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நிற்கும் விஷயமல்ல. மிளகாயில் பழ அழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சை, மழைத்துளி தெறிக்கும்போதுதான் செடிவிட்டுச் செடி தாவுகிறது. வயலில் மூடாக்குப் போட்டால் மண்ணும் அதிலுள்ள கிருமியும் இலைக்குத் தெறிப்பது குறையும்.

குழாய் சொட்டும் ‘டொக், டொக்’ சத்தத்திலும் காற்றுக்கே பங்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால் குழு 2018-இல் இதை விளக்கியது. சொட்டு விழுந்து பள்ளமாகும்போது அதற்கடியில் ஒரு சிறு காற்றுக் குமிழி சிக்கிக்கொள்கிறது. அது அதிர, அதன் மேலுள்ள நீர்ப்பரப்பும் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. ராத்திரித் தூக்கம் கெடுகிறது என்றால், வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றிவிடலாம். நீரின் பரப்பு இழுவிசை மாறி, சொட்டு விழுந்தாலும் சத்தம் வராது. பிளம்பரை மறுநாள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.