முறமும் உலக்கையும் எடுத்த வைரம்

கோகினூர், நீல நிற ஹோப் வைரம் இரண்டும் கிடைத்த இடமாகப் பலர் கருதுவது ஆந்திராவின் கொல்லூர். கிருஷ்ணா நதியின் தென்கரையில் இருந்த சுரங்க ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே, 1676இல் வெளிவந்த தன் பயண நூலில் வேலை நடந்த முறையைப் படிப்படியாக எழுதியிருக்கிறார். ஆண், பெண், பிள்ளைகள் என ஏறக்குறைய 60,000 பேர் உழைத்தார்கள் என்கிறார்.

முதல் வேலை பூசை. முதலாளி கொண்டுவந்த கற்சிலையை நிறுத்தி, எல்லாரும் மூன்று முறை விழுந்து கும்பிடுவார்கள். பூசாரி ஒவ்வொருவர் நெற்றியிலும் பசையைத் தடவி ஏழெட்டு அரிசி ஒட்டுவார். அது குங்குமப்பூப் பசை என்று தவெர்னியே எழுதுகிறார். மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு குளித்து, வரிசையாக உட்கார்ந்து, முதலாளி தரும் சோறும் நெய்யும் சர்க்கரையும் சாப்பிடுவார்கள்.

அதன்பின் ஆண்கள் 10 முதல் 14 அடி வரை தோண்டுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் மண்ணைச் சுமந்து, இரண்டடி உயரச் சுவர் எழுப்பிய களத்தில் கொட்டுவார்கள். குழியில் ஊறிய தண்ணீரையே மொண்டு ஊற்றி, மண் கூழாகும்வரை ஓரிரு நாள் ஊறவிடுவார்கள். சுவரடித் துளைகளைத் திறந்தால் சேறு வடியும், மணல் நிற்கும். அதை வெயிலில் உலர்த்தி முறத்தில் புடைப்பார்கள். நுண்தூசி பறந்துவிடும், பருமணல் தங்கும்.

மிஞ்சிய கட்டிகளை மர உலக்கையால் இடிப்பார்கள். முன்பு கல்லால் இடித்தார்களாம். பல வைரங்களில் விரிசல் விழுந்ததற்கு அதுவே காரணம் என்கிறார் தவெர்னியே. வைரத்தைக் கீற இன்னொரு வைரம்தான் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதன் படிகத்தில் நான்கு திசைகளில் எளிதில் பிளக்கும் தளங்கள் உண்டு. அந்தத் தளத்தில் பலமான அடி விழுந்தால் வைரமும் பிளக்கும். படிகவியல் பிறக்காத காலத்திலேயே கல்லை விட்டு மரத்துக்கு மாறியவர்களின் அறிவு சாதாரணமானதல்ல.

கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று கையால் மண்ணைத் துழாவுவார்கள். தவெர்னியே பார்த்த இன்னொரு சுரங்கமான ராவுல்கொண்டாவில், தேர்ந்த தொழிலாளிக்கே ஆண்டுக் கூலி 3 வராகன்தான். பெரிய கல் கண்டெடுத்தவருக்குத் தலைப்பாகைத் துணியும் சிறு பணமும் கிடைக்கும்.

கொல்லூர் இன்று புலிச்சிந்தல நீர்த்தேக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறது. கோகினூரைத் திரும்பக் கேட்கும் நாம், அந்தக் கரையில் இந்தத் தொழிலாளர்களுக்கு ஓர் அருங்காட்சியகமாவது எழுப்ப வேண்டும்.