எந்த நாள், எந்தப் பதிப்பு?

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ‘தினத்தந்தி, 2018’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. சரிபார்க்கப் போகிறவர் அந்த ஆண்டின் தாள்கள் அத்தனையையும் புரட்ட வேண்டியதுதான்.

தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது 2018 மே 22. காலைத் தாள்களில் வந்தது 23ஆம் தேதி. மேற்கோளில் போட வேண்டியது தாளின் தேதி. இறந்தோர் எண்ணிக்கை அடுத்தடுத்த நாள்களில் கூடி 13இல் நின்றது. 23ஆம் தேதித் தாளிலிருந்த எண்ணிக்கையைத் தேதியில்லாமல் எடுத்துப்போட்டால் அது பிழையான தகவல். தேதியோடு போட்டால் அன்றைய நிலவரம்.

அடுத்தது பதிப்பு. திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரரான சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்திக்கு இன்று ஊருக்கு ஊர் பதிப்பு. நாசரேத் ரயில் நிலையம் பற்றிய செய்தி நெல்லைப் பதிப்பில் ஐந்தாம் பக்கத்தில் இருக்கும். சென்னைப் பதிப்பில் அந்தச் செய்தியே இருக்காது. பதிப்பைச் சொல்லாத பக்க எண்ணால் யாருக்கும் பயனில்லை.

எழுதியவர் பெயர், தலைப்பு, இதழின் பெயர், பதிப்பு, தேதி, பக்கம்: இவ்வளவும் வேண்டும். வரிசை, மேற்கோள் முறைக்கு முறை மாறும்: ஏ.பி.ஏ. முறையில் தேதி, பெயரை அடுத்தே வரும், எம்.எல்.ஏ. முறையில் இதழ்ப் பெயருக்குப் பின்னால். நெறியாளர் சொன்ன முறையைக் கடைசிவரை மாற்றாதீர்கள். செய்தியில் பெயர் இல்லையென்றால் தலைப்பிலிருந்து தொடங்கலாம். ‘நமது நிருபர்’ என்பதை ‘நிருபர், நமது’ என்று திருப்பிப் போட்டுவிட வேண்டாம்!

வார, மாத இதழ் என்றால் மலர் எண்ணும் இதழ் எண்ணும் சேரும். வார இதழ் கடைக்கு முன்னதாகவே வந்துவிடும். ஆனாலும் அட்டைத் தேதியே கணக்கு. பழைய இதழில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் அதை அப்படியே தந்து, பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் குறியுங்கள். பிரபவ 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருமே.

இணையத்தில் படித்த செய்திக்குப் பக்க எண் கிடையாது. அதன் இடத்தில் இணைப்பும், பார்த்த தேதியும் போதும். தலைப்பைப் பிறகு மாற்றிவிடுவார்கள் என்பதால் அன்றே ஒரு படி எடுத்து வைப்பது நல்லது.

வ.உ.சி. பற்றிய நூலொன்றில் 1908ஆம் ஆண்டுச் சுதேசமித்திரன் வரிகளைப் படித்துவிட்டு, மூலத்தையே பார்த்ததுபோல் அடிக்குறிப்பு போடுவதுதான் பெரிய தப்பு. அந்த நூலையும் அதன் பக்கத்தையும் சொல்லி, ‘அதில் காட்டியபடி’ என்று எழுதுங்கள். நூலாசிரியர் தேதியைத் தப்பாகக் குறித்திருந்தால் அந்தத் தப்பு உங்கள் தலையில் விழாது. மூலமே வேண்டும் என்றால், பழைய தமிழ் இதழ்களை நுண்படச் சுருளில் வைத்திருக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் முதலில் விசாரியுங்கள்.