உங்கள் ஊரைப் பற்றி எழுதப் போகிறீர்களா?

நெல்லையில் இருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ்சில் போகிறவர்களுக்கு பனவடலிசத்திரத்தைத் தெரியும். மற்றவர்கள், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் இடம் உண்டு. அதுதான் விக்கிப்பீடியா. கையில் செல்போன் இருந்தால் போதும். காசு கொடுக்காமல் படிக்கலாம். படிப்பது மட்டும் அல்ல, எழுதவும் செய்யலாம்.

"நான் என்ன புலவனா?" என்கிறீர்களா? புலவர்தான் எழுத வேண்டும் என்ற காலம் போய்விட்டது.

அன்றும் இன்றும்

அபிதான சிந்தாமணி 1910-ல் வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் ஆ.சிங்காரவேலு முதலியார். பிறகு, பெரியசாமி தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. பத்துத் தொகுதிகள்! 1954-ல் தொடங்கிய வெளியீடு 1968-ல்தான் முடிந்தது. எழுதியவர்கள் அறிஞர்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் பிறந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான இ.மயூரநாதன் ஒரு கட்டிடக் கலைஞர். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். ஆசிரியர்கள், மாணவர்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். 2017-ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. இப்போது ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டன. யாருக்கும் சம்பளம் கிடையாது!

முதல் நாள் என்ன செய்வது?

பெரிய கட்டுரை எழுத உட்காராதீர்கள். முதலில் ஒரு பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். புனைபெயரும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தைப் படியுங்கள். எழுத்துப்பிழை தென்படுகிறதா? "தொகு" என்று இருப்பதை அழுத்தி, திருத்தி, சேமியுங்கள். வேலை முடிந்தது.

ஆண்டும் ஊரும்கூட மாறும். பனவடலிசத்திரம் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உதயமானது. பழைய பெயர் எங்காவது மாறாமல் இருந்தால் நீங்களே மாற்றலாம். எழுதிப் பழக "மணல்தொட்டி" என்று ஓர் இடம் உண்டு. அங்கே எப்படி எழுதினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தாத்தா சொன்ன கதை

இனிமேல்தான் சிக்கல். வடலி என்றால் இளம் பனை. "பனை வடலிகள் நடுவே சத்திரம் இருந்தது. அதனால்தான் இந்தப் பெயர்" என்று உங்கள் தாத்தா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எழுதினால், "சான்று எங்கே?" என்று கேட்பார்கள். சான்று இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

புதிதாக வருகிற பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து போகிறார்கள். "என் ஊர் பற்றி எனக்குத் தெரியாதா?" என்று கோபம் வருகிறது. அத்தோடு எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் யாருக்கு? ஊருக்குத்தான்!

தாத்தா பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. வெளியூரில் இருந்து படிக்கிறவர் சரிபார்க்க ஒரு நூல் வேண்டும், அவ்வளவுதான். பேட் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய திருநெல்வேலி ஜில்லா கெசட்டியர் 1917-ல் வந்தது. அதுபோன்ற நூல்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கல்வெட்டு அறிக்கை, பத்திரிகைச் செய்தி ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். கிடைத்ததை உங்கள் சொந்த நடையில் எழுதி, எந்த நூல், எந்தப் பக்கம் என்று குறியுங்கள். அப்படியே காப்பி அடிக்கக்கூடாது. இந்தக் கட்டுரையையும்தான்!

"எங்கள் ஊரைப் போல் உலகில் உண்டா?" என்ற பெருமை வேண்டாம். மாமாவின் கடைக்கு விளம்பரமும் வேண்டாம்.

ஆலமரத்தடிக்கு வாருங்கள்

நீங்கள் எழுதியதை ஒருவர் நீக்கிவிட்டால், சண்டைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் "உரையாடல்" பக்கம் இருக்கிறது. "ஏன் எடுத்தீர்கள்?" என்று அங்கே கேளுங்கள். பழைய வடிவம் "வரலாறு" பகுதியில் பத்திரமாக இருக்கும். பொதுவான சந்தேகம் என்றால், அதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. அதன் பெயர் என்ன தெரியுமா? ஆலமரத்தடி!

எழுதக் கை வரவில்லையா? ஊர்க் கண்மாயை, பஸ் நிறுத்தத்தைப் படம் எடுங்கள். அது நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்த அனுமதி கொடுத்து, "பொதுவகம்" என்ற இடத்தில் ஏற்றலாம். அதற்குச் சான்று நூல் எதுவும் தேட வேண்டியது இல்லை.