கடலோர லோடு வண்டிகளை அரிக்கும் துரு

தூத்துக்குடி உப்பளங்களில் மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டிகளும், நாகப்பட்டினம், இராமேசுவரம், காசிமேடு முதலிய துறைகளிலிருந்து மீன் பெட்டிகளோடு புறப்படும் வண்டிகளும், உள்மாவட்டங்களில் ஓடும் அதே வகை வண்டிகளைக் காட்டிலும் வெகு விரைவில் துருப்பிடிக்கின்றன. என்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே கேபினின் அடிப்பகுதியும் பின்தொட்டியின் தளமும் அரித்துப்போய், இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய வண்டி பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. கடன் வாங்கி எடுத்த ஒற்றை வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது பேரிழப்பு. துரு எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தால் இவ்விழப்பின் பெரும்பகுதியை அதிகச் செலவின்றியே தவிர்க்கலாம்.

இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் நிகழும் மின்வேதி மாற்றமே துரு. ஈரம் படிந்த தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைய, அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே மற்றொரு புள்ளியை அடைந்து ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. அதாவது ஒவ்வொரு ஈரத்துளியின் அடியிலும் ஒரு நுண்ணிய மின்கலம் இயங்குகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ள கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், அந்த மின்கலத்தின் வேகம் பன்மடங்கு கூடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரையே உறிஞ்சிக் கரைந்துவிடும் என்பதால், மழையில்லாத நாளிலும் கடலோர வண்டியின் இடுக்குகள் இரவு முழுவதும் நனைந்தே கிடக்கின்றன. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. ஆகவே அது பெயிண்டைக் கீழிருந்து தள்ளிக் கொப்புளமாக்குகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள தகட்டில் அக்கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், பெரும்பாலும் உட்பக்கத்திலிருந்து பாதித் தகடு போயிருக்கும்.

தொழிற்சாலைகள் இதற்குக் காப்பு அளிக்காமல் இல்லை. தகட்டின்மேல் பூசப்படும் துத்தநாகம், கீறல் விழுந்த இடத்தில் இரும்புக்கு முன்பாகத் தானே அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அதன்மேல், வண்டிக்கூட்டை முழுதாகப் பெயிண்ட் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் முதற்பூச்சு மூலைமுடுக்கெல்லாம் சென்றுசேர்கிறது. ஆனால் வண்டி வாங்கியபின் உள்ளூர்ப் பட்டறையில் பின்தொட்டியின் பாடி கட்டும்போதும், கம்பி பற்றவைக்கும்போதும், துளையிடும்போதும் இவ்விரு பூச்சுகளும் எரிந்தோ உரிந்தோ போகின்றன. அந்த இடங்களில் துத்தநாகம் கலந்த பிரைமரை அன்றே பூச வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் இந்த ஒரு வேலைதான் விட்டுப்போகிறது.

துரு முதலில் குடியேறுவது இரண்டு தகடுகள் மடிந்து சேரும் விளிம்புகளில். கதவின் கீழ்விளிம்பைக் குனிந்து பார்த்தால் சில சிறு துளைகள் தென்படும். கண்ணாடி வழியே உள்ளிறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கான வடிகால்கள் அவை. சேறும் இலைத்தூசும் அடைத்துக்கொண்டால், கதவுக்குள் நீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். ஒரு மெல்லிய கம்பியால் அவற்றைக் குத்திவிட ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாது. மீன் வண்டிகளில் ஐஸ் உருகி வழியும் உப்புநீர், தொட்டித் தளத்தில் விரித்த ரப்பர் பாயின் அடியில் சென்று தங்குகிறது. தளத்தைக் காப்பதற்காகப் போட்ட பாயே ஈரத்தைக் காய விடாமல் தடுப்பதால், வாரம் ஒருமுறையேனும் அதைத் தூக்கிக் கழுவி, இரண்டு பக்கமும் உலர்த்த வேண்டும்.

துரு பிடித்த பின்னர் செய்யும் வேலையில்தான் ஏமாற்றம் மிகுதி. கொப்புளத்தைச் சற்றே தேய்த்துவிட்டு, மேலே பட்டி அப்பி, பெயிண்ட் அடித்துத் தருவது டிங்கரிங் ஆகாது. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், அதன் அடியில் மிஞ்சிய துரு முன்னிலும் வேகமாகப் பரவி, அடுத்த மழைக்காலத்திலேயே வெளிப்படும். மேற்பரப்புத் துருவாயின் வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் பூசி, தேவையெனில் அதன்மேல் மட்டுமே பட்டி இட வேண்டும். கைக்கெட்டாத இடுக்குகளில் துருமாற்றித் திரவங்கள் உதவும்: இவற்றிலுள்ள டானிக் அமிலம் துருவோடு கூடி நிலையான கருநிறச் சேர்மமாகிறது. கடுக்காயையும் இரும்பையும் கொண்டு கறுப்புச் சாயம் காய்ச்சிய நம் முன்னோர் பயன்படுத்தியதும் இதே வேதிவினையைத்தான். ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு அரித்த தகட்டுக்கு எந்தத் திரவமும் பயனில்லை. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதே வழி.

தடுப்பு முறைகளில் தலையாயது, நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுவது. கேபினின் வெளிப்புறத்தை நாள்தோறும் துடைத்து மினுக்குவோரும் மட்கார்டின் உட்புறத்தையும் சேஸிஸின் மேல்விளிம்பையும் மறந்துவிடுகின்றனர். உப்புச் சேறு தங்குவது அங்கேதான். கழுவி நன்கு உலர்த்தியபின், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, மூடிய குழிவுகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சுவது சிறந்தது. ஈரத்தின்மேலோ துருவின்மேலோ அடிக்கப்படும் தடித்த கறுப்பு அண்டர்கோட்டிங், ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துக் கேட்டையே விளைவிக்கும். பழைய என்ஜின் ஆயிலைத் தெளிப்பதும் ரப்பர் பாகங்களைக் கெடுத்து, மண்ணையும் நஞ்சாக்கும். பேட்டரியில் இணைத்தால் துருவே வராது என்று விற்கப்படும் மின்கருவிகளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகடுகளுக்குக் கையாண்டு காட்டிய மின்வேதிக் காப்புமுறை, நீரில் மூழ்கியிருக்கும் உலோகத்துக்கே பொருந்தும். காற்றில் ஓடும் வண்டியில் மின்சுற்று முழுமை பெறாது.

சேஸிஸையும் துரு விட்டுவைப்பதில்லை. பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவும் அமெரிக்காவில், பிக்கப் வண்டிகளின் சட்டகம் அரித்துப்போனது தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ள டொயோட்டா நிறுவனம் 2016-இல் 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது. சட்டகத்தை ஒட்டிச் செல்லும் எஃகுப் பிரேக் குழாய் அரித்தால் அது உயிருக்கே ஆபத்தாகும். எனவே பழைய வண்டி வாங்குவோர் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச்சென்று கதவின் அடிவிளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகடன்று, பட்டி. அதன்பின் வண்டியை லிப்டில் ஏற்றி, சேஸிஸையும் பிரேக் குழாயையும் மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கலாகாது.