நிலநடுக்கோட்டில் ஒரு பென்குயின்

பென்குயின் என்றதும் பனிப்படலமும் உறைகடலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நிலநடுக்கோட்டிலேயே குடியிருக்கும் பென்குயின் இனமும் ஒன்று உண்டு. ஈக்வடார் நாட்டுக்கு மேற்கே சுமார் 1,000 கி.மீ. தொலைவில், பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள காலபகோஸ் எரிமலைத் தீவுகளே அதன் ஒரே வாழிடம். இசபெலா, பெர்னாண்டினா என்னும் இரு தீவுகளிலேயே இவற்றுள் மிகப் பெரும்பாலானவை வாழ்கின்றன.

வெப்ப மண்டலத்தில் இப்பறவையை வாழவைப்பது கடலே. மேற்கிலிருந்து ஆழத்தில் பாய்ந்து வரும் குரோம்வெல் நீரோட்டம், இத்தீவுகளின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. அக்குளிர்நீர் கொணரும் ஊட்டச்சத்தால் மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் பெருகுகின்றன. சுமார் அரை மீட்டர் உயரமும் இரண்டரை கிலோ எடையும் கொண்ட இப்பறவைக்கு அவையே உணவு. கரையில் வெயில் கடுமையானால் வாயைத் திறந்து இரைக்கும். துடுப்பு போன்ற சிறகுகளை விரித்துத் தன் கால்களுக்குத் தானே நிழல் தரும். எரிமலைப் பாறை இடுக்குகளில் இரண்டு முட்டைகள் இடும்.

முட்டையிடுவதற்கு இதற்குக் குறித்த பருவம் இல்லை. கடலில் மீன் நிறையும் காலமே பருவம். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பிற பென்குயின்களுள் பெரும்பாலானவை குஞ்சுகளை வளர்த்து முடித்த பிறகே இறகுதிர்க்கின்றன. இதுவோ முன்னதாகவே இறகைப் புதுப்பித்துக்கொண்டு, அதன் பின்னரே முட்டையிடுகிறது. இறகுதிரும் நாள்களில் சரிவர இரைதேட இயலாது; உடலில் சேர்ந்த கொழுப்பே அப்போது கைகொடுக்கும். அந்தக் கண்டம் முன்னரே கழிந்துவிடுவதால், இடையில் மீன்வளம் குன்றினால் குஞ்சுகளைக் கைவிட்டேனும் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் உயிர்தப்ப முடிகிறது. கல்நெஞ்சம் என்று சிலர் கருதலாம். இருப்பைச் சரிபார்த்த பின்னரே புதிய பொறுப்பை ஏற்கும் முன்மதியாகவே, கணக்கேடுகளோடு காலம் கழிக்கும் எனக்கு இது தோன்றுகிறது.

எனினும் அம்முன்மதியையும் மீறிய இடர் எல் நினோ. அக்காலத்தில் கடல் வெப்பமடைந்து, குளிர்நீர் மேலெழுவது குன்றி, மீன்கள் மறைகின்றன. 1982-83இல் இப்பென்குயின்களின் எண்ணிக்கை 77 விழுக்காடு வீழ்ந்தது. ஓரளவு மீண்டெழுந்த நிலையில், 1997-98இல் மீண்டும் 65 விழுக்காடு சரிந்தது. மனிதர் கொண்டுவந்த பூனைகளும் நாய்களும் வேறு இவற்றைக் கொல்கின்றன.

நல்ல பாறை இடுக்குகள் கிடைப்பதும் இவற்றுக்கு அரிதே. பல பத்தாண்டுகளாக இவற்றை ஆராய்ந்துவரும் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீ போர்ஸ்மாவின் குழுவினர், 2010இல் எரிமலைக் கற்களை அடுக்கி 120 கூடுகளை அமைத்தனர். அவற்றில் பென்குயின்கள் குடியேறி, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வருகின்றன.