என்ஜினீயரிங் பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சி பணம்: எங்கே கேட்பது?

தாம்பரம்,

குரோம்பேட்டை எம்.ஐ.டி., வண்டலூர் கிரசென்ட் என தாம்பரத்தை சுற்றி என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு பஞ்சம் இல்லை. இங்குள்ள பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்ய பணம் யார் தருகிறார்கள்?

முன்பு மத்திய அரசின் 'செர்ப்' வாரியம் தந்தது. 2024-ல் அந்த வேலை 'அனுசந்தான்' தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு போய்விட்டது. பேராசிரியர் தனது திட்டத்தை ஆன்-லைனில் எழுதி அனுப்ப வேண்டும். நிபுணர்கள் படித்து பார்த்து தேர்வு செய்வார்கள். வருஷம் முழுக்க விண்ணப்பம் வாங்க மாட்டார்கள். கடைசி தேதி போனால் போனதுதான்.

விண்வெளி சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி என்றால் இஸ்ரோவின் 'ரெஸ்பாண்ட்' திட்டம் இருக்கிறது. கிண்டியில் உள்ள தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம், கடைசி வருஷ மாணவர்களின் புராஜெக்டுக்கும் உதவுகிறது. இதற்கு கல்லூரி மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

"இதனால் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். இந்த பணம் பேராசிரியர் பாக்கெட்டுக்கு போகாது. ஆய்வகத்துக்கு கருவி வரும். உதவியாளர் வேலை வரும். 'கேட்' தேர்வில் தேறிய என்ஜினீயரிங் பட்டதாரி ஜே.ஆர்.எப். ஆக சேர்ந்தால் மாதம் ரூ.37 ஆயிரம் என்று 2023-ல் மத்திய அரசு உயர்த்தியது.

எனவே பிள்ளையை சேர்க்க போகும்போது, "உங்க கல்லூரியில் எத்தனை ஆராய்ச்சி திட்டம் நடக்குது?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.